வியப்பும் கடனும்

போர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானில் தங்கும் பயணிகளுக்கு விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்களில், மழைக்காட்டு அருவியையும் வெப்பமண்டலக் கடற்கரையையும் ஒரே பகலில் காட்டித் திருப்பிக் கொண்டுவிடும் சுற்றுலா அதிகம் பேர் போவதில் ஒன்று. காலையில் வேன் விடுதி வாசலுக்கு வருகிறது. கிழக்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சம் ஓடி, 191ஆம் எண் சாலையில் திரும்பி, எல் யூங்கே மலைக்காட்டில் ஏறுகிறது. சாலையோரத்திலேயே விழும் லா கோக்கா அருவியில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம். யோகாஹூ கோபுரத்தின் உச்சிக்கு ஏறினால் ஒரு பக்கம் காடும் மறுபக்கம் அட்லாண்டிக் கடலும் தெரியும். ஏதாவது ஓடைக் குட்டையில் ஒரு குளியல். பிற்பகலில் மலையிலிருந்து இறங்கி லூக்கியோ கடற்கரையின் தென்னை நிழலில் சில மணி நேரம், தின்பண்டக் கடைகளில் ஒரு சுற்று, பிறகு விடுதி. வழிநெடுக ஒரு வழிகாட்டி பேசிக்கொண்டே வருகிறார்.

இந்தப் பகலைப் பற்றி மெய்யியல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அருவியின் முன் நிற்பவருக்குள் ஒரு கணம் எழும் வியப்பு எந்த வகையைச் சேர்ந்தது? அது வெறும் கண்ணுக்கினிய காட்சி தந்த மகிழ்ச்சியா, சமயங்கள் பேசும் புனித அனுபவத்தின் ஒரு சாயலா? ஒரு மக்களுக்குத் தெய்வங்கள் உலவிய மலையும் நீரும், இன்னொருவரின் பயண அட்டவணையில் இருபது நிமிட நிறுத்தமாகும்போது, அந்த இடத்தின் புனிதம் என்ன ஆகிறது? எல் யூங்கே இந்தக் கேள்விகளுக்குப் பொருத்தமான களம். தத்துவம், பழங்குடிச் சமயம், கத்தோலிக்கம், சுற்றுலா எல்லாம் அங்கே ஒரே நீரோட்டத்தின் கரையில் கிடக்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியக் காடுகளில் வெப்பமண்டல மழைக்காடு இது ஒன்றுதான். பரப்பு 11,000 ஹெக்டேருக்கு மேல். ஸ்பானிய மன்னர் ஆட்சி 1876இல் இதைக் காப்புக்காடாக அறிவித்தது. தீவு அமெரிக்கர் கைக்கு மாறிய பின் 1903இல் தியோடர் ரூஸ்வெல்ட் அதை உறுதிசெய்தார். இன்றைய பெயர் 2007இல் வந்தது. உயரமான சிகரம் எல் தோரோ, 1,074 மீட்டர். உலக மலைகளின் வரிசையில் அது ஒன்றுமில்லை. ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எழுந்து நிற்பதால், அட்லாண்டிக்கின் ஈரத்தைச் சுமந்து வரும் தடக்காற்று முதலில் மோதுவது இதன்மேல்தான். உச்சிப் பகுதிகளில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அந்த மழை ஓடைகளாகி, அருவிகளாகி, மாமேயஸ், எஸ்பிரித்து சாந்தோ முதலிய சிற்றாறுகளாகிச் சில மணி நேரத்தில் கடலுக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே இந்தச் சுற்றுலாவில் காலை காட்டப்படுவதும் மாலை காட்டப்படுவதும் இரண்டு காட்சிகள் அல்ல. ஒரே நீரின் இரண்டு நிலைகள். வேன் அந்த நீருக்கு முன்னால் கடலை அடையப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

அருவியையும் கடலையும் பார்த்து மனிதர் ஏன் வாயடைத்துப் போகிறார்கள் என்பதை மேலைத் தத்துவம் பதினெட்டாம் நூற்றாண்டில் தீவிரமாக ஆராய்ந்தது. எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட நூலில் அழகையும் மலைப்பையும் இரண்டு தனி உணர்ச்சிகளாகப் பிரித்தார். மென்மையும் சிற்றுருவும் உள்ளவை அழகு. பேருரு, இருள், எல்லையின்மை, வலிமை ஆகியவை மலைப்பு. மலைப்பின் வேர் அச்சம் என்றார் அவர். ஆனால் அந்த அச்சம் ஓரளவு தள்ளி நின்றால்தான் இன்பம் தரும். கிட்ட வந்து அழுத்தினால் வெறும் அச்சமாகவே நின்றுவிடும். பர்க்கின் கணக்குப்படி சுற்றுலாவின் காலை வேளை மலைப்புக்கும் மாலை வேளை அழகுக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதாகச் சொல்லலாம். பயண முகவர்கள் பர்க்கைப் படித்து இந்த வரிசையை அமைத்திருக்க மாட்டார்கள். முதலில் உடம்பைக் களைக்க வைத்துப் பிறகு மணலில் கிடத்தினால் வாடிக்கையாளர் திருப்தியோடு திரும்புவார் என்ற தொழில் அறிவு போதும்.

இம்மானுவேல் கான்ட் 1790இல் இதை இன்னும் ஆழமாக எடுத்துச் சென்றார். இயற்கையின் வலிமையைக் கண்டு மலைக்கும் இடங்களை அவர் அடுக்குகிறார்: தலைக்கு மேல் தொங்கும் பாறை, இடிமேகம், எரிமலை, பாழாக்கிச் செல்லும் சூறாவளி, கொந்தளிக்கும் பெருங்கடல், பேராற்றின் உயர்ந்த அருவி. இவற்றின் முன் நம் உடல்வலு ஒன்றுமில்லாமல் போகிறது. ஆனால் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்கும்போது, உடலை நொறுக்கக்கூடிய அந்த வலிமையால் தொட முடியாத ஒன்று நம்முள் இருப்பதை உணர்கிறோம். அது நம் அறிவும் அறவுணர்வும். எனவே மலைப்பு உண்மையில் அருவியில் இல்லை, பார்ப்பவரின் மனத்தில் இருக்கிறது என்பது கான்ட்டின் முடிவு. சமயத்தையும் அவர் இந்த இடத்திலேயே தொடுகிறார். நடுநடுங்கி மண்டியிடுபவரால் தெய்வத்தின் பெருமையை உணர முடியாது. அச்சத்தில் பிறக்கும் வழிபாடு மூடநம்பிக்கை, மரியாதையில் பிறப்பதே சமயம் என்கிறார்.

கோனிக்ஸ்பர்க் நகரைவிட்டு வெகுதூரம் போகாதவர் எழுதியது இது. அவருடைய பட்டியல் நூல்களில் படித்த அருவிகளால் ஆனது. எல் யூங்கேயின் அருவிகளை அதில் சேர்ப்பது கடினம். லா கோக்கா ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்திலிருந்து பாறைமீது மெல்லிய திரையாக வழிகிறது. லா மினா அருவியின் உயரம் 11 மீட்டர் அளவே. பேராறு எதுவும் அங்கே இல்லை. நேரில் பார்ப்பவர்களில் பலருக்கும் வருவது மலைப்பைவிட ஒரு குளிர்ந்த நிம்மதி. ஆனால் கான்ட்டின் வாதத்தில் கவனிக்க வேண்டியது அருவியின் உயரத்தை அல்ல, பாதுகாப்பு என்ற நிபந்தனையை. வழிகாட்டியோடு போகும் சுற்றுலா அந்த நிபந்தனையைக் காசுக்கு வாங்கித் தருகிறது. எந்தப் பாறை வழுக்கும், எந்தக் குட்டையில் இறங்கலாம், மலையில் மேகம் கறுத்தால் எப்போது கரையேற வேண்டும் என்பதை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். பயணிக்கு மிச்சமிருப்பது வியப்பு மட்டும்.

கடற்கரை இன்பம் என்பதும் என்றென்றைக்கும் இருந்ததல்ல. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலெய்ன் கோர்பன் 1988இல் வெளியிட்ட நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியரின் கற்பனையில் கடலோரம் அருவருப்பும் பயமும் கலந்த இடமாகவே இருந்தது என்று காட்டினார். நோவா காலத்துப் பெருவெள்ளம் விட்டுப்போன எச்சமாகவே கடலைப் பலர் கண்டனர். மருத்துவர்கள் கடற்குளியலைப் பரிந்துரைத்த பிறகும், மலைப்பைத் தேடுவது நாகரிகமான பிறகும்தான் மணல்வெளி விரும்பப்படும் இடமானது. ஆகப் பயணி தன் இயல்பான உணர்ச்சி என்று எண்ணுவதில் ஒரு பகுதி இருநூற்றைம்பது ஆண்டுப் பயிற்சியின் விளைவு. அதனால் அந்த உணர்ச்சி பொய்யாகிவிடாது. பக்தியும் பயிற்சியால் வருவதுதானே.

இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ கான்ட்டைத் திருப்பிப் போட்டார். 1917இல் வந்த புனிதத்தைப் பற்றிய அவருடைய நூலின்படி, சமய அனுபவத்தின் கரு அறமும் அல்ல, அறிவும் அல்ல. முற்றிலும் வேறான ஒன்றின் முன் நிற்கும் உணர்வு அது. அந்த ஒன்று நடுங்கவும் வைக்கும், இழுக்கவும் செய்யும். இயற்கை முன் வரும் மலைப்பு இந்த உணர்வுக்கு நெருங்கிய உறவு. ஒன்று மற்றொன்றை எழுப்பவும் கூடும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஓட்டோவின் அளவுகோலால் பார்த்தால் பயணிகளின் வியப்பில் இழுப்பு உண்டு, நடுக்கம் இல்லை. இந்த வித்தியாசத்தைத் தத்துவ நூல்களைவிடத் தெளிவாகக் காட்டுவது அதே மலையடிவாரத்தில் வாழ்ந்த தைனோ மக்களின் சமயம்.

தைனோ சமயத்தைப் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். கொலம்பஸ் 1493இல் புறப்பட்ட இரண்டாம் பயணத்தோடு வந்த ரமோன் பானே என்ற துறவி, ஹிஸ்பானியோலா தீவில் தைனோக்களிடையே வாழ்ந்து, கேட்டதை 1498 அளவில் எழுதி முடித்தார். அமெரிக்க மண்ணில் ஓர் ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்ட முதல் நூலாக அதைக் கருதுகிறார்கள். மூலப்பிரதி தொலைந்துபோயிற்று, 1571இல் வெனிஸில் அச்சான ஓர் இத்தாலிய மொழிபெயர்ப்புக்குள் சிக்கிக்கொண்டு உள்ளடக்கம் தப்பியது. பானே சொல்வது பக்கத்துத் தீவைப் பற்றி. போர்ட்டோ ரிக்கோவின் தைனோக்கள் அதே பண்பாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதால் அறிஞர்கள் அதை இங்கும் பொருத்துகிறார்கள். கதையை முழுசாகப் புரிந்துகொள்ள முடியவில்லை, வரிசை மாறியிருக்கலாம் என்று பானே தாமே ஒப்புக்கொள்வது அவர்மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது.

அவருடைய குறிப்பின்படி முதல் தெய்வம் யூகாஹூ. கண்ணுக்குத் தெரியாதவர், சாவில்லாதவர், வானில் இருப்பவர், தொடக்கம் இல்லாதவர். ஆனால் தாய் உண்டு. தாயின் பல பெயர்களில் ஒன்று அதபேய். யூகாஹூவின் முழுப்பெயரை ஆராய்ந்த கியூபா அறிஞர் ஹோசே ஹுவான் அர்ரோம், மரவள்ளிக் கிழங்கும் கடலும் அந்தப் பெயருக்குள்ளேயே இருப்பதாக விளக்கினார். சேலம் பக்கம் ஜவ்வரிசிக்கு விளையும் அதே மரவள்ளிதான் தைனோக்களின் உயிர் உணவு. கடல் அவர்களுடைய மறு உணவு. மூன்று முனைகொண்ட சிறு கற்கள் தீவெங்கும் அகழ்ந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. கிழங்கு நன்றாக விளைய அவற்றை வயலில் புதைத்தார்கள் என்று கருதப்படுகிறது. நடு முனையில் மலையின் வடிவைப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு. தெய்வம் உறையும் இத்தகைய பொருளுக்கும் அதில் உறையும் ஆற்றலுக்கும் செமி என்றே பெயர்.

கடல் தோன்றிய கதையையும் பானே பதிந்திருக்கிறார். யாயா என்பவன் தன்னைக் கொல்ல நினைத்த மகனைக் கொன்று, எலும்புகளை ஒரு சுரைக்குடுக்கையில் போட்டு வீட்டுக் கூரையில் தொங்கவிட்டான். எலும்புகள் மீன்களாயின. யாயா இல்லாத நேரத்தில் ஒரே பிரசவத்தில் பிறந்த நான்கு சகோதரர்கள் வந்து குடுக்கையை இறக்கி மீன்களைத் தின்றார்கள். அவன் திரும்பி வரும் சத்தம் கேட்டு அவசரத்தில் சரியாக மாட்டாமல் விட, குடுக்கை கீழே விழுந்து உடைந்தது. அதிலிருந்து கொட்டிய நீர் பூமியை நிரப்பிக் கடலாயிற்று. மீன்களும் அதோடு வந்தன. உலகின் சோற்றுப்பானை ஒரு கொலையிலும் ஒரு திருட்டிலும் ஓர் அவசரத்திலும் பிறந்தது என்று சொல்லும் கதை இது. மேலிருந்து நீர் விழுவதைக் குற்றமற்ற அழகாகப் பார்க்க இந்தக் கதை இடம் தருவதில்லை.

நடுக்கத்தின் பங்கு குவாபன்செக்ஸிடம் இருக்கிறது. கல்லால் ஆன பெண் செமி அவள். கோபம் வந்தால் காற்றையும் நீரையும் கிளப்பி வீடுகளைச் சாய்ப்பாள், மரங்களைப் பிடுங்குவாள். அவளுக்கு இரண்டு துணைகள். ஒருவன் கட்டியக்காரன், மற்ற செமிகளையும் புயலுக்குத் திரட்டுபவன். இன்னொருவன் கோவாத்ரிஸ்கியே, மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்குகளில் நீரைத் தேக்கி வைத்திருந்து, பிறகு அவிழ்த்துவிட்டு நாட்டை அழிப்பவன். உச்சியில் பெய்த மழை கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவர்மேல் திடீர் வெள்ளமாக வந்து விழுவது எல் யூங்கே ஓடைகளில் இன்றும் உள்ள ஆபத்து. வழிகாட்டி அதை நீரியலாகச் சொல்கிறார். தைனோ அதை ஓர் ஆளின் குணமாக அறிந்திருந்தார். கான்ட் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருப்பார். ஆனால் பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லாத மக்களிடம் அந்தப் பாகுபாட்டைப் போட்டுப் பார்ப்பது நியாயமில்லை. பள்ளத்தாக்கில் கூரை வேய்ந்து குடியிருப்பவர் அருவியைப் பார்வையாளராக நின்று பார்க்க முடியாது.

இனி வழிகாட்டியின் பேச்சு. இயற்கையை ரசிக்க அறிவு வேண்டுமா என்பது அழகியலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் விவாதம். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து ஆலன் கார்ல்சன் 1979இல் எழுதிய கட்டுரையில், நிலத்தை அஞ்சலட்டைப் படம்போலப் பார்ப்பதும், ஒரு பாறையையோ சங்கையோ பெயர்த்தெடுத்துச் சிற்பம்போலப் பார்ப்பதும் தவறான ரசனை என்றார். ஓவியத்தை ரசிக்கக் கலை வரலாறு உதவுவதுபோல் இயற்கையை ரசிக்க நிலவியலும் உயிரியலும் வேண்டும் என்பது அவர் கட்சி. அமெரிக்க மெய்யியலாளர் நோயல் கரோல் 1993இல் மறுத்தார். இடியென முழங்கும் அருவியின் கீழ் நின்று அதன் பிரம்மாண்டத்தால் கிளர்ச்சியடைய எந்த அறிவியலும் தேவையில்லை. அந்தக் கிளர்ச்சியும் முறையான ரசனையே என்றார். இருவரில் கரோல் சாதாரண மனிதரின் பக்கம் நிற்பதாகத் தோன்றும். எல் யூங்கேயில் மட்டும் கார்ல்சனின் கை ஓங்குகிறது. காரணம் அங்குள்ள இறால்.

அந்த ஓடைகளில் வாழும் உள்நாட்டு நன்னீர் இறால்கள் குஞ்சுப் பருவத்தில் நன்னீரில் வளர்வதில்லை. மலை ஓடையில் பொரிந்த இளவுயிரிகள் இரவில் நீரோட்டத்தோடு அடித்துச் செல்லப்பட்டுக் கழிமுக உப்புநீரை அடைகின்றன. அங்கே வளர்ந்து, பிறகு ஆற்றை எதிர்த்து ஏறி, அருவிகளின் ஈரப்பாறைகளில் தொற்றி மேலே போய் மலை ஓடைகளைச் சேர்கின்றன. தொற்றி ஏறும் மீனினமும் உண்டு. அருவிக்குட்டையில் காலை வைத்ததும் கடிக்க வருவதுபோல் மொய்க்கும் அந்தச் சிறு உயிர் ஒருமுறை கடலைப் பார்த்து வந்தது. இதைத் தெரிந்தவருக்கு அருவி வேறாகத் தெரியும். அது மேலிருந்து கீழே விழும் நீர் மட்டுமல்ல, கீழிருந்து மேலே ஏறும் பாதையும்கூட. படத்தில் இது விழாது. சொன்னால்தான் உண்டு. எஸ்பிரித்து சாந்தோ, அதாவது பரிசுத்த ஆவியின் பெயர் தாங்கிய ஆற்றில், குடிநீருக்காக நீர் உறிஞ்சும் இடங்களில் இந்த இளவுயிரிகள் ஏராளமாக மடிவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இருட்டிய பின் சில மணி நேரம் உறிஞ்சலை நிறுத்தினால் இழப்பு பெருமளவு குறையும் என்றும் பரிந்துரைத்தார்கள். நீரோடு வாழ நாளின் ஒரு பொழுதைத் துறக்கச் சொல்வது சமயங்களுக்குப் பழக்கமான யோசனை. இங்கே அதைச் சொல்வது சூழலியல்.

வழிகாட்டிகள் எல்லாம் இறாலைப் பற்றிப் பேசுவதில்லை. யூகாஹூ இந்தச் சிகரத்தில்தான் குடியிருந்தார், தீவைச் சூறாவளியிலிருந்து காத்தார் என்ற கதையே அதிகம் கேட்கக் கிடைக்கும். பானேயின் குறிப்பில் அந்தத் தெய்வம் வானில் இருக்கிறார். இந்த மலையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. கதை பிற்காலத்தில் உருவாகி, 1960களில் கோட்டைக் கோபுர பாணியில் எழுந்த காட்சிக் கோபுரத்துக்கு அதே தெய்வத்தின் பெயர் வைக்கப்பட்டதோடு கல்லில் உறைந்தது. சமூகவியலாளர் டீன் மக்கேனல் 1976இல் எழுதிய நூலில், ஒரு காட்சித்தலம் எப்படிப் புனிதமாக்கப்படுகிறது என்பதற்குப் படிகள் வகுத்தார்: முதலில் பெயரிட்டுப் பிரித்தல், பிறகு மேடையும் வேலியும் கட்டி உயர்த்துதல், பிறகு படங்களாகவும் நினைவுப்பொருள்களாகவும் பெருக்குதல். கோயிலுக்கும் இதே படிகள்தான் என்று யாராவது சொன்னால் மறுப்பது எளிதல்ல. தலபுராணங்களும் தலத்துக்குப் பிறகே எழுதப்படுகின்றன. வேன் கதையைப் பொய் என்று தள்ளுவதைவிட, சொந்தக்காரர் கையை விட்டுப் போன ஒரு புராணத்தின் மறுபிறவி என்று கொள்வது பொருந்தும். 1508இல் ஹுவான் போன்ஸே தே லியோன் குடியேற்றம் தொடங்கிய பின் சில பத்தாண்டுகளில் தைனோ சமூகம் நோயாலும் கொத்தடிமையாலும் சிதைந்தது. பூசகர் மரபு அறுந்தது, வம்சம் அறுபடவில்லை. இன்றைய போர்ட்டோ ரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்வழி மரபணு அமெரிக்கப் பழங்குடியிலிருந்து வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலையைச் சுற்றி அந்த வம்சத்தில் வந்த ஒருவர், அறுந்த மரபின் கதையை வெளியூர்க்காரருக்கு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

அப்படியானால் பயணியும் யாத்ரிகரும் ஒன்றா? மானிடவியலாளர்கள் விக்டர் டர்னரும் ஈடித் டர்னரும் 1978இல் கிறித்தவ யாத்திரைகளைப் பற்றி எழுதியபோது இருவருக்கும் இடையில் கோடு போட முடியாது என்றே கண்டார்கள். ஊரைவிட்டு விலகுதல், அந்தஸ்து மறந்து கலத்தல், புத்துணர்வோடு திரும்புதல் எல்லாம் இரண்டிலும் உண்டு. வேனில் ஏறிய அந்நியர்கள் அருவியில் நனைந்தபின் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துப் பாறை தாண்டுகிறார்கள். அந்தச் சமத்துவம் சாயங்காலம் டிப்ஸ் கொடுக்கும் நேரம் வரை நிலைக்கிறது. உணர்ச்சியின் ஆழத்தை வைத்தும் பிரிக்க முடியாது. வரிசையில் நின்று சலித்துக்கொண்டே சாமி கும்பிடும் பக்தரும் உண்டு, அருவியின் முன் கண்கலங்கும் நாத்திகரும் உண்டு.

பிரிப்பது கடன். யாத்ரிகர் போகும் இடம் அவரிடம் ஏதோ கேட்கிறது: விரதம், முடி, நடை, நேர்ந்துகொண்டதைச் செலுத்துதல். தைனோவின் செமி மரவள்ளி தந்தது, பதிலுக்குப் படையலும் நோன்பும் வாங்கியது, மறந்தால் கோபித்தது. சுற்றுலாப் பயணியிடம் இடம் எதையும் கேட்பதில்லை. கட்டணம் நிறுவனத்துக்குப் போகிறது. அதோடு கணக்கு தீர்ந்தது. பர்க்கும் கான்ட்டும் விவரித்த மலைப்பும் இந்த வகையே. அதில் இயற்கை நமக்கு நம் பெருமையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வியப்பைச் சமய அனுபவமாக்குவது அதன் தீவிரம் அல்ல, அதன் பின்விளைவு என்று கொண்டால், வேன் பயணத்தின் வியப்பு புனிதத்துக்கு எதிரானதல்ல; முடிக்கப்படாதது.

எல் யூங்கே கேட்க ஆரம்பித்தால் என்ன கேட்கும் என்பதை 2017 காட்டியது. செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தீவைக் குறுக்காகக் கடந்தது. பச்சை மலை ஒரே நாளில் பழுப்பு மலையாயிற்று; இலைகள் உதிர்ந்தன, சரிவுகள் இடிந்தன, அருவிப் பாதைகள் மூடின. காட்டின் முதன்மை வரவேற்பு மையம் 2022இல்தான் மீண்டும் திறந்தது. தீவில் இறப்பு எண்ணிக்கையை அரசு பிற்பாடு 2,975 என ஏற்றது. ஸ்பானியர் காலத்திலிருந்து தீவில் பெரும்புயலுக்கு அது வந்த நாளின் புனிதர் பெயரை வைப்பது வழக்கமாக இருந்தது: 1899இல் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது சான் சிரியாக்கோ, 1928இல் வந்தது சான் ஃபெலிப்பே. குவாபன்செக்ஸின் இடத்தைப் புனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வேறுபாடு பெரிது. செமி புயலைக் கிளப்புபவள். புனிதரோ புயலுக்கு நாள்காட்டி அடையாளம் மட்டுமே, கோபம் அவருடையதல்ல. மரியா என்ற பெயரும் வானிலை அமைப்பின் முன்கூட்டிய பட்டியலிலிருந்து வந்தது. கன்னி மரியாளின் பெயராக அமைந்தது தற்செயல்.

புயல் அந்தக் காட்டுக்குப் பகையும் அல்ல. 1989இல் ஹூகோ சூறாவளிக்குப் பிறகு தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், கவிகை திறந்து வெளிச்சம் விழுந்த இடங்களில் காடு வேகமாகத் துளிர்ப்பதைப் பதிந்தார்கள். அடிக்கடி அடிவாங்குவதற்கேற்ப உருவான காடு அது. அடியைத் தாங்க முடியாதது கிளி. போர்ட்டோ ரிக்கோவின் பச்சைக் கிளி 1975இல் காட்டில் வெறும் 13 ஆகச் சுருங்கியிருந்தது. கூண்டில் வளர்த்து, பழக்கி, மலையில் விட்டு மெல்லப் பெருக்கியதை மரியா ஏறத்தாழத் துடைத்தெடுத்தது. கூண்டுப் பறவைகள் தப்பியதால் சில ஆண்டுகளில் மீண்டும் விடத் தொடங்கினார்கள். நூற்றாண்டுக் காடழிப்புக்குப் பரிகாரமாக, வெற்றி உறுதியில்லாமல், புயலுக்குப் புயல் முதலிலிருந்து தொடங்கும் இந்த வேலைக்கு நேர்த்திக்கடன் என்ற பெயர் மிகையாகாது. அதைச் செய்பவர்களில் பலருக்கு அது ஊதியத்துக்குரிய பணி என்பது அந்தப் பெயரைக் கெடுக்கவில்லை. பூசகருக்கும் சம்பளம் உண்டு.

சுற்றுலாவின் கடைசி நிறுத்தத்தில் சமயம் இன்னும் நேரடியாக இருக்கிறது, பயணிகள் பெரும்பாலும் கவனிக்காமலே. லூக்கியோவின் பொதுக் கடற்கரையின் முறையான பெயர் மொன்செராத் அன்னையின் பெயர். தீவின் மேற்கே ஒர்மிகேரோஸ் ஊரில் அதே அன்னைக்கு யாத்ரிகர் திரளும் பழைய தலம் உண்டு. பக்கத்தில் வரிசையாக நிற்கும் அறுபது கடைகளில் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும் பண்டங்களில் மரவள்ளி மாவில் செய்ததும் ஒன்று. யூகாஹூவுக்கு உரியதாயிருந்த கிழங்கு இப்போது வேர்க்கும் பியர்க் குவளைக்குத் துணை.

தீவின் கடற்கரைகளில் ஜூன் 23 இரவு நடப்பது எந்தச் சுற்றுலா அட்டவணையிலும் அடங்காது. திருமுழுக்கு யோவான் தீவின் பாதுகாவலர். அவருடைய திருநாளின் முந்தைய இரவில் குடும்பம் குடும்பமாக மக்கள் மணலில் கூடுகிறார்கள். நள்ளிரவானதும் கடலுக்கு முதுகைக் காட்டி, பின்னோக்கி நடந்து, நீரில் மல்லாந்து விழுகிறார்கள். மூன்று முறை என்பார் சிலர், ஏழு என்பார் சிலர், பன்னிரண்டு என்போரும் உண்டு. ஓராண்டுப் பீடை கழியும் என்பது நம்பிக்கை. எல்லாரும் அதை முழுசாக நம்புவதில்லை, இசையும் சாப்பாடும் நண்பர்களுமே பலருக்கு முக்கியம். இங்கே கடல் காட்சிப்பொருளாக இல்லை, அதற்குப் புறமுதுகு காட்டித்தான் இறங்க வேண்டும். கான்ட் கேட்ட பாதுகாப்பான தொலைவும் இல்லை, தலைவரை நனைகிறது. போர்ட்டோ ரிக்கோ சட்டப்படி கடற்கரை பொதுச் சொத்து என்பதால், அன்று இரவு அங்கே நிற்கும் வெளியூர்க்காரரும் சீட்டு வாங்காமல் கூட்டத்தோடு இறங்கலாம். எத்தனை முறை விழ வேண்டும் என்பதைப் பக்கத்தில் நிற்கும் குடும்பம் சொல்லிக்கொடுக்கும்.